மேட்டுப்பக்கச் சுவரில் ஏறிய ஓதம்

சரிவில் கட்டிய பழைய கல் வீடு எங்களுடையது. மேட்டுப்பக்கத்து அறையில் இடுப்பளவு உயரத்துக்குச் சுவர் உப்புப் பூத்துக் கிடந்தது. விரல் பட்டாலே பூச்சு உதிர்ந்தது. பார்க்க வந்தவர்களில் பலர், உள்பக்கம் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்தால் போதும் என்றார்கள். நான் சம்மதிக்கவில்லை. தண்ணீர் வரும் வழியைத் திறந்து வைத்துவிட்டு அது காயும் வழியை அடைத்தால், சுவருக்குள்ளேயே இன்னும் மேலே ஏறும், அல்லது பக்கத்துச் சுவரில் தலைகாட்டும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பார்த்தேன். சுவரில் அலுமினியத் தாளை வைத்து, நான்கு ஓரங்களையும் நாடாவால் ஒட்டி ஓரிரு நாள் விட வேண்டும். தாளின் வெளிப்புறம் நனைந்தால் அறைக்காற்றின் ஈரம் குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்குக் காற்றோட்டமே மருந்து. உள்புறம் நனைந்தால் ஈரம் சுவருக்குள் இருக்கிறது. எங்களுக்கு உள்புறம்தான் நனைந்தது. ஈரமானியை மட்டும் நம்ப வேண்டாம். உப்பேறிய சுவரில் அது ஈரத்தைக் கூட்டியே காட்டும்.

பிறகு பெருமழையில் குடை பிடித்து வீட்டைச் சுற்றி வந்தேன். எந்த நிபுணரின் அறிக்கையும் அந்த நடைக்கு ஈடாகாது. மேலிருந்து வழிந்த வெள்ளம் நேராகச் சுவரில் வந்து முட்டியது. கூரைத் தண்ணீரும் சுவரின் காலடியிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர்! போதாக்குறைக்கு, காலங்காலமாகச் சரிந்து சேர்ந்த மண், வெளித்தரையை அறையின் தரைமட்டத்துக்கு மேலே உயர்த்தியிருந்தது.

செலவு குறைந்ததிலிருந்து தொடங்கினோம். கூரைக் குழாயை நீட்டிப் பள்ளத்துப் பக்கம் விட்டோம். வீட்டுக்குச் சில மீட்டர் மேலே, சரிவுக்குக் குறுக்காக ஒரு வாய்க்கால் வெட்டி, மேல்வெள்ளத்தை இருபுறமும் பிரித்தோம். சேர்ந்த மண்ணை அகற்றி, சுவரிலிருந்து வெளியே சாயுமாறு தரையைச் சீராக்கினோம். இவ்வளவுக்கே ஈரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்தது.

அடுத்தது, மண்ணுக்குள் ஊறி வரும் நீரைச் சுவரை எட்டுமுன் பிடித்து வெளியேற்றும் நிலத்தடி வடிகால். அவசரப்பட்டால் ஆபத்தான வேலை இது ஒன்றுதான். பழைய வீடுகளின் அஸ்திவாரம் பெரும்பாலும் ஆழமற்றது. அதன் அடிமட்டத்துக்குக் கீழே ஒட்டித் தோண்டினால் சுவர் இறங்கிவிடும். அதனால் கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்தோம். அஸ்திவாரத்தின் ஆழத்தைச் சிறு குழி தோண்டிப் பார்த்தார். சுவரிலிருந்து விலகி, அறைத் தரைக்குக் கீழும் அஸ்திவார அடிக்கு மேலுமாகக் குழாயின் மட்டத்தைக் குறித்துக் கொடுத்தார். முழு நீளத்தையும் ஒரேயடியாகத் திறக்காமல், துண்டு துண்டாகத் தோண்டி மூடினோம். பள்ளத்தில் வடிகட்டித் துணி விரித்து, ஜல்லி பரப்பி, துளையிட்ட குழாயைத் துளைகள் கீழே பார்க்க வைத்து, மேலும் ஜல்லியிட்டுத் துணியை மடித்து மூட வேண்டும். துணி இல்லாவிட்டால் நுண்மண் புகுந்து ஜல்லியை அடைத்துவிடும். 100 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவாவது வேண்டும். அதை ரசமட்டம் வைத்துத் துண்டுக்குத் துண்டு சரிபார்த்தேன்.

குழாயின் வாய் எங்கே திறக்கிறது என்பதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். சரிவில் அது கீழ்வீட்டாரின் தலைவலியாகிவிடும், அல்லது மண்ணை அரித்து உங்கள் நிலத்தையே கரைக்கும். கீழ்வீட்டாரிடம் முன்கூட்டியே பேசி, தண்ணீர் விழும் இடத்தில் கற்கள் பரப்பி வேகத்தைத் தணித்தோம்.

உள்சுவருக்குக் கடைசியில்தான் வந்தோம். எப்போதோ யாரோ அடித்திருந்த சிமெண்ட் பூச்சை உரித்தோம். சுண்ணாம்புச் சாந்தில் கட்டிய கல்சுவரில் சிமெண்ட் ஈரத்தைச் சிறை வைக்கிறது. உரித்ததும் மீண்டும் பூசிவிடக் கொத்தனாருக்கு ஆசை. நான் விடவில்லை. தடித்த கல்சுவர் காய மாதக்கணக்காகும். அதுவரை வெளிவரும் உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி எடுக்க வேண்டும், தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து திரும்ப உள்ளே போகும். நன்றாகக் காய்ந்த பகுதியில் சுண்ணாம்புக் காரை பூசியாயிற்று. தாழ்ந்த மூலையில் இன்னும் ஈரம் இருக்கிறது. அங்கே பூச்சு வேலை அடுத்த மழைக்காலம் கழிந்த பிறகுதான். மழை தொடங்குமுன் வடிகாலின் பார்வைத் தொட்டிகளை, அதாவது குழாயைத் திறந்து பார்க்க வைத்த சிறு தொட்டிகளை, திறந்து வண்டலை அள்ள வேண்டும்.