ஏன் என்று கேட்டால் பதில் வராது

கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஒரு பேரூராட்சி, பெயர் வேண்டாம். அங்கே நான் இளநிலை உதவியாளராக இருந்தபோது தகவல் உரிமை மனுக்கள் என் மேஜைக்குத்தான் வரும். ஒரு நாள் ஒற்றை வரியில் ஒரு மனு: “எங்கள் தெருவில் ஓடை ஏன் பாதியில் நிற்கிறது?” (ஓடை என்றால் எங்கள் பக்கம் தெருவோர வடிகால்.) பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்பு ஒழுங்காக ஒட்டியிருந்தது.

2005ஆம் ஆண்டுச் சட்டப்படி 30 நாளைக்குள் பதில் போக வேண்டும். 28ஆம் நாள் நான் தட்டச்சு செய்தேன்: “தாங்கள் கோரியது வினா வடிவில் உள்ளதால் தகவல் வழங்க இயலாது.” செயல் அலுவலர் கையெழுத்துப் போட்டார். பதிவேட்டில் இருப்பதைக் கொடுப்பதுதான் எங்கள் கடமை, காரணம் விளக்குவது அல்ல என்பது அலுவலகக் கணக்கு. மனு கொடுப்பவருக்கு நியாயமான உதவி செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 5(3) சொல்கிறது. அந்தப் பக்கத்தை நாங்கள் யாரும் புரட்டவில்லை.

ஒரு வாரத்தில் மனு போட்ட பாட்டா நேரிலேயே வந்துவிட்டார்; தாத்தாவை எங்கள் பக்கம் பாட்டா என்போம். “தம்பி, ஏன்னு கேட்டா சொல்ல மாட்டியளோ? பின்ன எப்பிடியாக்கும் கேக்கது?”

அந்தக் கேள்வியில் கோபமே இல்லை. அதனால்தான் உட்காரச் சொன்னேன்.

“காகிதத்தின் பேரைச் சொல்லிக் கேளுங்க பாட்டா” என்றேன். மன்றத் தீர்மானம், மதிப்பீடு, வேலை உத்தரவு, முடித்த வேலையின் அளவைப் பதியும் அளவுப் புத்தகம், நடந்த கடிதப் போக்குவரத்து என்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். அதைவிட, “கோப்பைப் பார்வையிட விரும்புகிறேன்” என்று ஒரு வரி சேர்த்தால் நல்லது. முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது, குறிப்பும் எடுக்கலாம். நகல் கேட்டால் கேட்ட பக்கம் மட்டும்தான் வரும். கோப்பைத் திறந்தால் கேட்கத் தெரியாததும் கண்ணில் படும். இத்தனை வருஷத்தில் அதைக் கேட்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று நாங்கள் கேட்கவே கூடாது. ஆனால் கேட்போம், பழக்கதோஷம். மனுவை வேறு அலுவலகத்துக்கு மாற்றிப் போட்டுவிட்டாலும் பயமில்லை, ஐந்து நாளில் உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டியது எங்கள் பாடு. 30 நாளில் பதில் இல்லையென்றால் மேல் அலுவலருக்கு முதல் மேல்முறையீடு, அதற்கப்புறம் சென்னையில் தகவல் ஆணையம்.

நம் மாவட்டத்துக்கென்று தனியாக ஒரு தலைவலி உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூர்ப் பக்கம். அதற்கு முந்தைய கட்டுகளை எடுத்தால் மலையாளம். எங்கள் அலுவலகத்தில் அதை வாசிக்கத் தெரிந்தவர் விளவங்கோட்டுக்காரரான காவலாளி ஒருவர்தான். பழைய காகிதம் தேடி யார் வந்தாலும், முதலில் அவர் டூட்டியில் இருக்கிறாரா என்று பார்ப்போம்.

சரி, பாட்டாவுக்கு வருவோம். இரண்டாவது மனு போட்டு, நாள் குறித்து, கண்ணாடியோடும் ஒரு அளவு டேப்போடும் வந்தார். அளவுப் புத்தகத்தில் இருந்த நீளமும் தெருவில் அவர் அளந்து வந்த நீளமும் சரியாகவே பொருந்தின. அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான் என்று நினைக்கிறேன். பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓடை நிற்கும் சிறுபாலத்துக்கு அந்தப் பக்கம் நெடுஞ்சாலைத் துறையின் இடம். தடையின்மைச் சான்று கேட்டு ஒரு கடிதம் போயிருந்தது. பதில் இல்லை. அதன் ஓரத்தில் பச்சை மையில் செயல் அலுவலர் குறிப்பு: “15 நாளில் நினைவூட்டு அனுப்புக.” கீழே நீல மையில் ஒரு சுருக்கொப்பம். அதற்கு மேல் அந்தக் கோப்பில் ஒன்றுமே இல்லை. பதினான்கு மாதம் ஓடியிருந்தது.

பாட்டா அந்த நீலக் கிறுக்கலில் விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தார். “இது யாரு தம்பி?”

“நான்தான் பாட்டா” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடித எண்ணையும் தேதியையும் தன் நோட்டில் எழுதிக்கொண்டார். நினைவூட்டு அன்று மாலைத் தபாலில் போனது.