எச்டிடிபிஎஸ் தளம் மட்டும் திறக்கவில்லையா? ஃபார்மட் போடக் கொடுக்கும் முன் தேதியைப் பாருங்கள்

உசிலம்பட்டியில் அக்கா ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார். பட்டா சிட்டா எடுப்பது, வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிப்பது, ஸ்காலர்ஷிப் பதிவது எல்லாமே கடையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில்தான். விண்டோஸ் 7 போட்ட பழைய பெட்டி. ஒருநாள் காலையில் எந்தத் தளத்தைத் திறந்தாலும் சிவப்பு முக்கோணம், "இணைப்பு பாதுகாப்பானது அல்ல" என்ற எச்சரிக்கை. ஸ்காலர்ஷிப் கடைசித் தேதி நெருங்கிய நேரம். வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்கிறார்கள்.

நெட் கம்பெனிக்காரர்கள் லைன் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். அது உண்மைதான். அதே வைஃபையில் அக்காவின் போனில் எல்லாத் தளமும் திறந்தது. அப்படியானால் கோளாறு கம்ப்யூட்டரில்தான் என்பது அங்கேயே முடிவாகிவிடுகிறது. இன்னும் உறுதி வேண்டுமென்றால் நெவர்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு தளம் இருக்கிறது, அதைத் திறந்து பாருங்கள். பூட்டு இல்லாத வெறும் எச்டிடிபி தளம் அது. மற்றவை பூட்டுப் போட்ட, அதாவது தகவலை ரகசியமாக அனுப்பும் எச்டிடிபிஎஸ் தளங்கள். அது திறந்து மற்றவை திறக்கவில்லை என்றால் லைனைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

பக்கத்துத் தெரு சர்வீஸ் தம்பி வந்து பார்த்துவிட்டுச் சொன்னதை நினைத்தால் இன்னும் கோபம் வருகிறது. "அக்கா, இதெல்லாம் சும்மா வார்னிங். அட்வான்ஸ்டுனு இருக்குல்ல, அதை அழுத்தி உள்ள போயிருங்க." ஊர் ஜனங்கள் ஆதார் எண்ணையும் ஓடிபியையும் நம்பிக் கொடுக்கிற கடை அது. எதிரில் இருப்பது நிஜத் தளமா போலியா என்று தெரியவில்லை என்றுதான் அந்தச் சிவப்புத் திரை சொல்கிறது. அதைத் தாண்டிப் போய்ப் பாஸ்வேர்டு அடிக்கச் சொல்வது பெரிய தப்பு. யார் சொன்னாலும் செய்யாதீர்கள். பேங்க் போன்ற பல தளங்களில் அந்தத் தாண்டும் வழியே வராது, அதுவும் நல்லதுக்குத்தான்.

அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மதுரைக்கு வந்தார்கள். டவுன் ஹால் ரோடு பக்கம் ஒரு கடை. வைரஸ் என்றார்கள், ஃபார்மட் போட்டார்கள், அங்கேயே நெட் ஓடுவதைக் காட்டினார்கள், பணம் வாங்கினார்கள். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்து பிளக்கைச் சொருகினால் அதே சிவப்பு முக்கோணம். பாமினி எழுத்துரு, ஸ்கேனர் டிரைவர், வருடக்கணக்கில் சேர்த்த விண்ணப்ப மாதிரிகள் எல்லாம் போனதுதான் மிச்சம்.

அன்றைக்குத்தான் நான் மதுரையிலிருந்து போய் உட்கார்ந்தேன். திரையில் வந்ததை முழுசாகப் படித்தால், "உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது" என்று குரோமே ஆங்கிலத்தில் சொல்கிறது. மூலையில் மணி மட்டும்தான் தெரிந்தது. டாஸ்க்பாரில் சின்ன ஐகான் வைத்திருந்தால் விண்டோஸ் 7 தேதியைக் காட்டாது. மணியின் மேல் கிளிக் செய்தால் 2009 ஜனவரி 1!

ஒவ்வொரு எச்டிடிபிஎஸ் தளமும் தான் நிஜம் என்று காட்ட ஒரு டிஜிட்டல் சான்றிதழ் வைத்திருக்கும். அதில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை செல்லும் என்று எழுதியிருக்கும். கம்ப்யூட்டர் 2009-இல் நின்றுகொண்டு பார்த்தால் இன்றைய சான்றிதழ் எதுவுமே இன்னும் பிறக்கவில்லை. அதனால்தான் எல்லாத் தளமும் ஒரே நேரத்தில் போனது. நெட்டிலிருந்து நேரத்தைத் தானாக எடுத்துக்கொள்ளச் சொல்லலாமே என்றால் அதுவும் நடக்காது. வித்தியாசம் 15 மணி நேரத்துக்கு மேல் போனால் விண்டோஸ் மறுத்துவிடும். முதலில் தேதியைக் கையால்தான் திருத்த வேண்டும்.

திருத்தினேன், ஓடியது. ஆனால் அக்கா ராத்திரி கடை சாத்தும்போது மெயின் சுவிட்சை அணைத்துவிடுவார். மறுநாள் காலையில் பழையபடி 2009. மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது மதர்போர்டில் இருக்கும் காசு மாதிரியான சிஆர்2032 பேட்டரி. 3 வோல்ட் இருக்க வேண்டியது மீட்டரில் 2-க்கும் கீழே காட்டியது. மதுரைக் கடையில் தேதியை மட்டும் மாற்றிவிட்டு அனுப்பியிருக்கிறார்கள். பஸ்ஸில் வரும்போதே அது அழிந்துவிட்டது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து வாட்ச் கடையில் ஐம்பது ரூபாய்க்குள் புதுசு கிடைத்தது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டுக் கொக்கியை ஸ்குரூ டிரைவரால் லேசாகத் தள்ளினால் பழசு எம்பி வந்துவிடும். பிளஸ் போட்ட பக்கம் மேலே இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டியது. ஃபார்மட் போட்டவர்கள் பழைய டிஸ்கிலிருந்து பழைய குரோமையும் ஏற்றியிருந்ததால், தேதி சரியாக இருந்தும் சில தளங்கள் வம்பு செய்தன. நிறையத் தளங்கள் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு தரும் சான்றிதழில் ஓடுகின்றன. அதை நம்பலாம் என்பதற்கு அடிப்படையாக இருந்த ஒரு மூலச் சான்றிதழ் 2021 செப்டம்பர் 30-இல் காலாவதியாகிவிட்டது. அதற்குப் பதிலாக வந்தது அந்தப் பழைய விண்டோஸில் இல்லை, பழைய குரோமோ விண்டோஸைக் கேட்டுத்தான் நடக்கும். பயர்ஃபாக்ஸ் பிரவுசர் தனக்கென்று மூலச் சான்றிதழ்களைத் தானே வைத்திருக்கும், விண்டோஸைக் கேட்காது. விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்த 115 இஎஸ்ஆர் பதிப்பை என் லேப்டாப்பில் அதைத் தயாரிக்கும் மொசில்லாவின் சொந்தத் தளத்திலிருந்து இறக்கி, பென் டிரைவில் கொண்டுபோய் ஏற்றினேன். எல்லாம் திறந்தது. வாசலில் நின்ற பிள்ளைகளில் ஒருத்தியின் ஸ்காலர்ஷிப் விண்ணப்பம் அன்று சாயங்காலமே பதிவாகி, ரசீது பிரிண்ட் வந்தபோது எனக்கே கண் கலங்கிவிட்டது.

ரீசார்ஜ் மென்பொருள் மட்டும் இணையவில்லை. அது விண்டோஸின் இணைப்பு அமைப்பை நம்பி ஓடுவது. கன்ட்ரோல் பேனலில் இன்டர்நெட் ஆப்ஷன்ஸ், அதில் அட்வான்ஸ்டு, கீழே கடைசி வரை இறங்கினால் டிஎல்எஸ் 1.2 என்று ஒரு கட்டம் இருக்கும். பாதுகாப்பான இணைப்பு முறையின் ஒரு பதிப்பு அது. பழைய இன்டர்நெட் எக்ஸ்புளோரர் இருக்கிற விண்டோஸ் 7-இல் அது டிக் இல்லாமல்தான் வரும். டிக் போட்டதும் சரியானது.

ஃபார்மட் போட்ட பணத்தைத் திரும்பக் கேட்டோம், தரவில்லை. விண்ணப்ப மாதிரிகளை அக்கா ஒவ்வொன்றாக மறுபடி அடித்துக்கொண்டிருக்கிறார். நீங்கள் எந்தக் கடையில் கொடுத்தாலும் பைல்களை முதலில் தனியாக எடுத்து வைத்துவிட்டுக் கொடுங்கள். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரி 14-ஓடு ஆதரவை நிறுத்திவிட்டது. அதனால் புதுப் பெட்டி வாங்கும் வரை பேங்க் வேலையை அந்தக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டாம் என்று அக்காவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன்.