கார் அலாரம் சைரன் நடுராத்திரியில் தானாக அலறினால்: மடிப்பாக்கத்திலிருந்து ரிச்சி தெரு வரை

கார் அலாரம் தானாகக் கத்தினால் முதலில் பார்க்க வேண்டியது இண்டிகேட்டரைத்தான். இதை யாராவது ஆரம்பத்திலேயே எனக்குச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். இண்டிகேட்டர் மின்னிக்கொண்டே சைரன் அடித்தால், அலாரம் எதையோ உணர்ந்திருக்கிறது என்று பொருள். கதவு ஸ்விட்ச், பானெட் ஸ்விட்ச், அதிர்வை உணரும் ஷாக் சென்சார், இவற்றில் ஏதாவது ஒன்றாக இருக்கும். பானெட்டுக்கு அடியில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச் துருப்பிடித்தாலே போதும், இல்லாத திருடனைப் பார்த்துக் கத்தும். ஆனால் இண்டிகேட்டர் மின்னாமல் சைரன் மட்டும் அலறினால், பெரும்பாலும் கோளாறு சைரனுக்குள்ளேயே இருக்கிறது. என்னுடையது இந்த இரண்டாவது வகை.

வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அலாரம் கம்பெனி போட்டதில்லை, முதல் ஓனர் வெளியில் பொருத்தியது. அதில் இருப்பது பேக்கப் சைரன். அதாவது உள்ளேயே சின்ன ரீசார்ஜபிள் பேட்டரி இருக்கும், திருடன் கார் பேட்டரி வயரைக் கழற்றினாலும் அது பாட்டுக்குக் கத்தும். நல்ல யோசனைதான், ஆனால் அந்தச் சின்ன பேட்டரி கெட்டுப்போனால் கார் பேட்டரி சரியாக இருக்கும்போதே "வயரை யாரோ பிடுங்கிவிட்டார்கள்" என்று சைரன் நினைத்துக்கொள்ளும். ரிமோட்டை எத்தனை முறை அழுத்தினாலும் கேட்காது, ஏனென்றால் ரிமோட் பேசுவது அலாரத்தின் கட்டுப்பாட்டுப் பெட்டியான மாட்யூலோடுதான், சைரனோடு இல்லை.

ஸ்டில்ட் பார்க்கிங்கில் இது அலறினால் என்ன ஆகும் என்று அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். மேலே கான்கிரீட், மூன்று பக்கம் சுவர், சத்தம் லிஃப்ட் வழியாக எல்லா மாடிக்கும் ஏறிவிடும். வாட்ச்மேன் ஓடி வந்து "சார், பேட்டரி வயரக் கழட்டிடுங்க" என்றார். கழற்றினேன், நிற்கவில்லை. வயர் போனால் கத்துவதுதான் அதன் வேலையே. திரும்ப மாட்டினால் நின்றது, கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தது. இந்த மாதிரி சைரன்களின் பின்பக்கம் குட்டி உருண்டைச் சாவி போட்டு ஆஃப் செய்யும் பூட்டு இருக்கும். அந்தச் சாவி எனக்கு வரவே இல்லை. விற்றவருக்குப் போன் செய்தால் "அப்படி ஒரு சாவி இருக்கா?" என்று என்னையே கேட்டார். கடைசியில் இரண்டு போல்ட்டைக் கழற்றி சைரனை வெளியே எடுத்து, பழைய போர்வையில் சுற்றி தெர்மகோல் பெட்டியில் வைத்து மூடினோம். சார்ஜ் தீரும் வரை உள்ளே முனகிக்கொண்டிருந்தது.

அடுத்த நாள் அசோசியேஷன் வாட்ஸப் குழுவில் செயலாளர், இரவு 10 முதல் காலை 6 வரை சத்தத்துக்கு என்ன விதி என்று போட்டிருந்தார். அவர் சொன்னதில் தப்பே இல்லை. குடியிருப்புப் பகுதிக்கு இரவில் 45 டெசிபல்தான் வரம்பு, என் சைரன் மேல் 120 என்று அச்சடித்திருக்கிறது. மேல் வீட்டில் பிளஸ் டூ படிக்கும் பெண் இருக்கிறாள், அவளுடைய அம்மா மட்டும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

சரி, சர்வீஸ் சென்டர். "வெளில போட்ட அக்சஸரி சார், நாங்க தொட மாட்டோம்" என்று கவுண்டரிலேயே முடித்துவிட்டார்கள். இதையாவது ஏற்கலாம். அதன் பிறகு போன அலாரம் பொருத்தும் கடையில் பானெட்டைக்கூடத் திறக்காமல் "ஃபுல் செட் மாத்திடுங்க, இது பழைய மாடல்" என்றார்கள். மாட்யூல், ரிமோட், சென்ட்ரல் லாக் எல்லாம் நன்றாக வேலை செய்யும்போது எதற்கு மொத்தத்தையும் மாற்ற வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை, விலைப் பட்டியல்தான் வந்தது. இண்டிகேட்டர் மின்னவில்லை என்று நான் சொன்னதை அந்தக் கடையில் ஒருவராவது காதில் வாங்கியிருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும்.

அப்புறம் ஜி.பி. ரோடு. கார் சாமான் என்றால் சென்னையில் வேறு எங்கே போவது? பழைய சைரனைக் கையிலேயே கொண்டுபோய்க் காட்டி, "இதே மாதிரி, பேக்கப் பேட்டரியோட வேணும்" என்றேன். அந்தக் கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்து "எல்லா வண்டிக்கும் செட் ஆகும் சார்" என்றார். பெட்டியின் மேல் பேக்கப் என்றுதான் எழுதியிருந்தது. கடையில் டெஸ்ட் செய்து காட்டச் சொன்னேன், கூட்டமாக இருக்கிறது என்று மறுத்துவிட்டார். வீட்டில் பிரித்தால் சிவப்பு, கறுப்பு என்று இரண்டே வயர். பேக்கப் சைரனுக்குக் குறைந்தது மூன்று வேண்டும்: எப்போதும் 12 வோல்ட் வரும் வயர், எர்த், அலாரம் வந்தால் "கத்து" என்று சொல்லும் ட்ரிக்கர் வயர். திரும்பக் கொண்டுபோனால் "பெட்டி பிரிச்சாச்சு, எலக்ட்ரிக்கல் ஐட்டம் ரிட்டர்ன் எடுக்க மாட்டோம்." பெட்டியைப் பிரிக்காமல் வயரை எப்படி எண்ணுவது? இன்னும் எனக்கு ஆறவில்லை. தயவுசெய்து கடையிலேயே, அவர்கள் கண் முன்னாலேயே பிரித்து வயரை எண்ணுங்கள், பில்லில் "பேக்கப்" என்று எழுதி வாங்குங்கள்.

இரண்டு வயர் சைரன் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. என் வண்டியில் ட்ரிக்கர் நெகட்டிவ், அதாவது அலாரம் வந்தால் மாட்யூல் அந்த வயரை எர்த்தோடு சேர்க்கும். வோல்ட் பார்க்கும் மல்டிமீட்டரில் கண்டுபிடிப்பது சுலபம். ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவில் வைத்து, இன்னொன்றை ட்ரிக்கர் வயரில் வைத்து, ரிமோட்டில் பேனிக் பட்டனை (சைரனை உடனே கத்த வைக்கும் பட்டன்) அழுத்தினால் 12 வோல்ட் காட்டும். பாசிட்டிவ் ட்ரிக்கர் என்றால் எர்த்தில் வைத்துப் பார்க்கும்போது காட்டும். புது சைரனின் கறுப்பு வயரை நேராக இந்த ட்ரிக்கரில் சேர்த்தால் மெலிதாக முனகுமே தவிர கத்தாது. 20 வாட் சைரனுக்கு ஒன்றரை ஆம்பியருக்கு மேல் வேண்டும், சிக்னல் வயர் அவ்வளவு தாங்காது, மாட்யூலே போய்விடலாம். நடுவில் நாலு பின் ரிலே, அதாவது சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தை ஆன் செய்யும் ஸ்விட்ச், போட வேண்டும். அதன் பின்களில் எண் இருக்கும்: 30, 86 இரண்டுக்கும் ஃப்யூஸ் வழியாக பேட்டரி பாசிட்டிவ், 85க்கு ட்ரிக்கர் வயர், 87லிருந்து சைரன் சிவப்பு, சைரன் கறுப்பு பாடிக்கு. 85, 86க்குக் குறுக்கே ஒரு 1என்4007 டயோடு (ரிலே ஆஃப் ஆகும்போது வரும் மின் உதையிலிருந்து மாட்யூலைக் காக்க), அதன் வெள்ளைக் கோடு 86 பக்கம். வேலை செய்யும், ஆனால் பேக்கப் கிடையாது.

எனக்கு பேக்கப் வேண்டும். அதனால் பழைய சைரனையே திறப்பது என்று முடிவு செய்தேன். ஸ்க்ரூ எதுவும் இல்லை, மூடியை ஒட்டி அடைத்திருந்தார்கள். ஹேக்ஸா பிளேடால் இணைப்புக் கோட்டிலேயே சுற்றி, ஆழம் போகாமல் மெதுவாக அறுத்தேன். உள்ளே பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது. 7.2 வோல்ட் நிக்கல் பேட்டரி பேக், ஆறு செல், எல்லாம் கசிந்து வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. போர்டில் ஒரு செம்புக் கோட்டை அரித்தே தின்றிருந்தது. முதலில் பொருத்தியவர் சைரனை எஞ்சினுக்குப் பக்கத்தில், வாய் மேலே பார்த்த மாதிரி மாட்டியிருந்தார். மழைத் தண்ணீர் உள்ளே நிற்கும், கத்திரி வெயிலில் எஞ்சின் சூடும் சேரும், அப்புறம் செல் எப்படிப் பிழைக்கும்?

கசிந்திருப்பது காரம், அதனால் கையுறை போட்டுக்கொண்டு பழைய டூத் பிரஷ்ஷில் வினிகர் தொட்டுத் தேய்த்தேன். நுரைத்து அடங்கியதும் தண்ணீர் ஒற்றி, ஐசோப்ரொபைல் ஆல்கஹால் போட்டுக் காயவிட்டேன். அரித்துப்போன கோட்டுக்குப் பதில் மெல்லிய வயரை சால்டர் செய்தேன்.

பேட்டரிக்கு, சென்னையின் எலக்ட்ரானிக் சாமான் சந்தையான ரிச்சி தெரு. வெளியூரிலிருந்தோ புறநகரிலிருந்தோ வருகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துவிடுங்கள், பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். அரசினர் தோட்டம் மெட்ரோவில் இறங்கினால் நடக்கும் தூரம், காரை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போகவே கூடாது. 7.2 வோல்ட் பேக் அந்த அளவில் கிடைக்கவில்லை. ஒரு கடையில் லித்தியம் செல் இரண்டைக் கட்டித் தருகிறேன் என்றார்கள், வேண்டாம் என்று வந்துவிட்டேன். சைரனின் சார்ஜிங் சர்க்யூட் நிக்கல் செல்லுக்கானது, அதில் லித்தியத்தை வைத்து எஞ்சின் பக்கத்தில் மாட்டுவது ஆபத்து. அடுத்த கடையில் இருந்த பெரியவர் சைரனை வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கார்ட்லெஸ் போன் பேட்டரி ரெண்ட சீரிஸ்ல போடு தம்பி, முடிஞ்சது" என்றார். கார்ட்லெஸ் போன் பேக் ஒன்று 3.6 வோல்ட், ஒன்றன் பின் ஒன்றாக இரண்டு சேர்த்தால் சரியாக 7.2. வயரோடு வரும், செல்லின் மேல் நேராக சால்டர் வைக்க வேண்டியதில்லை. இத்தனை அலைச்சலில் பொருளைக் கையில் வாங்கிப் பார்த்துப் பதில் சொன்னவர் அவர் ஒருவர்தான். அவரிடமே சாவி ஸ்விட்ச் ஒன்றும் இரண்டு சாவியோடு கிடைத்தது, பழைய பூட்டைப் பிடுங்கிவிட்டு அதைப் போட்டேன்.

மூடியை சிலிகான் வைத்து ஒட்டி ஒரு நாள் விட்டு, இந்த முறை எஞ்சினை விட்டுத் தள்ளி, ஃபெண்டர் பக்கமாக, வாய் கீழே பார்க்க மாட்டினேன். புது பேக் சார்ஜ் ஏற நேரம் கொடுக்க வேண்டும், உடனே டெஸ்ட் செய்துவிட்டு "வேலை செய்யவில்லை" என்று கலங்காதீர்கள். குழுவில் முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பகல் 11 மணிக்குத்தான் டெஸ்ட். காதில் பஞ்சு கட்டாயம், பக்கத்தில் நின்று கேட்கிற சத்தமில்லை அது. பேனிக் பட்டன் அழுத்தினால் கத்தியது, விட்டால் நின்றது. அலாரம் போட்டுவிட்டு பேட்டரி நெகட்டிவைக் கழற்றினேன், உடனே அலறியது. திரும்ப மாட்டியதும் நின்றது. வாட்ச்மேன் கை தட்டினார்.

இப்போது ராத்திரியில் சத்தமில்லை. செகண்ட் ஹேண்ட் வண்டி பார்க்கப் போகிறவர்கள், ஆர்.சி., இன்சூரன்ஸ், இரண்டாவது சாவி கேட்கும்போதே பானெட்டைத் திறந்து, சைரனில் பூட்டு இருந்தால் அதன் சாவியையும் கேட்டு வாங்குங்கள். என்னுடையதில் ஒன்று கார் சாவிக் கொத்தில் இருக்கிறது, இன்னொன்றை வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன்.