சேர் கரும்பலகையில் இழுத்த கோடு

எங்களுக்குத் தமிழ் படிப்பித்த சேர் இந்த வருடம் காலமானார். இரங்கற் குறிப்பில் அவருடைய சேவைக்காலமும் வகித்த பொறுப்புகளும் வந்துவிட்டன. ஏ.எல். (உயர்தர) வகுப்பில் அவருக்கு முன்னால் இருந்தவர்களுக்கு அவர் என்றதும் நினைவு வருவது கரும்பலகையின் நடுவே மேலிருந்து கீழாக அவர் இழுக்கும் கோடு. அதை ஒருவரும் எழுதி வைக்கவில்லை.

பாடத்திட்டத்துக்கு வெளியே அவர் விரும்பி எடுத்த கவிதை இலங்கைக் கவிஞர் எம். ஏ. நுஃமானின் 'புத்தரின் படுகொலை'. இரண்டு பாடவேளை எடுப்பார். முதற் பாடவேளையில் ஆண்டும் இல்லை, சம்பவமும் இல்லை. "முதல்ல கவிதையில என்ன நடக்குது எண்டு சொல்லு. என்ன கருத்து எண்டு பிறகு பாப்பம்." கோட்டுக்கு இடப்பக்கம் நடப்பவை மட்டும் ஏறும். கனவில் புத்தர் சுடப்படுகிறார். சுட்டவர்கள் சிவில் உடையில் வந்த அரச காவலர். நூலகப் படிக்கட்டருகே சடலம். இரவில் அமைச்சர்கள் வந்து, எங்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லையே, ஏன் கொன்றீர்கள் என்று கேட்கிறார்கள். இவரைக் கொல்லாமல் ஓர் ஈயைக்கூடச் சுட முடியவில்லை என்று பதில் வருகிறது. பிணத்தை மறைக்கச் சொல்லிவிட்டு அமைச்சர்கள் மறைந்துவிட, தொண்ணூறாயிரம் புத்தகங்களால் உடலை மூடி, சிகாலோகவாத சூத்திரத்தைக் கொளுத்தித் தீ மூட்டுகிறார்கள். புத்தரின் போதனை நூலான தம்மபதமும் சாம்பலாகிறது.

அடுத்தது வலப்பக்கம், அதாவது அவற்றின் கருத்து. இங்கேதான் எல்லாரும் சறுக்குவோம். 'புத்தர் என்றால் அகிம்சை' என்று ஒரு வரி எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடுவோம். சேர் அந்தச் சொல்லைக் கவிதைக்குள் போட்டு வாசிக்கச் சொல்வார். அகிம்சையின் சடலத்தைப் புத்தகங்களால் மூடினார்கள் என்று வாசித்தால் அடுத்த அடியிலேயே கவிதை உடைந்துபோகும். இரத்தமும் எடையும் உள்ள ஓர் உடல் படியருகே கிடந்தால்தான் அதை மறைக்க வேண்டிய தேவை வரும், மறைப்பதற்குப் புத்தகங்கள் வேண்டும், தீயும் வேண்டும். ஓர் உருவகம் கவிதை முழுக்க நீளும்போது ஒவ்வொரு செயலும் அடுத்த செயலைப் பெற்றெடுக்க வேண்டும் என்பார்.

வலப்பக்கத்தில் சில இடங்களை அவர் மாற்றவே விடமாட்டார். நூலகம் நூலகந்தான், புத்தகம் புத்தகந்தான், சிவில் உடையும் அப்படியே. கனவும் நடந்ததும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் ஆணிகள் அவை. எல்லாவற்றையும் குறியீடாக்கினால் ஆணி கழன்று கவிதை ஆகாயத்தில் நிற்கும்.

அதிக நேரம் நின்றது ஈயில். புத்தர் உயிரோடிருக்கும்வரை ஈயைக்கூடக் கொல்ல முடியாது. ஆகவே ஆளைச் சுடுவதற்கு முன் அவரைச் சுட்டாக வேண்டும். முதற் கொலை சுடுகிறவனுக்குள்ளேயே நடந்துவிடுகிறது என்று அந்தப் பதில் சொல்கிறது. பட்டியல் பற்றிய கேள்வியும் இதே அளவு கூர்மையானது. இவர் பெயர் இல்லை என்றால் வேறு பெயர்கள் இருக்கின்றன என்று அமைச்சரின் வாயாலேயே வந்துவிடுகிறது.

இரண்டாம் பாடவேளையில்தான் திகதி வரும். 1981 ஜூன் 1 இரவு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல் ஜூன் 4. அமைச்சர்கள் சிலர் அப்போது யாழ்ப்பாணத்தில் தங்கியிருந்தார்கள். எரிந்தவை ஏறக்குறைய 97,000 நூல்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. திகதியை முதலில் சொன்னால் பிள்ளைகள் சம்பவத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிவிட்டுக் கவிதையை வாசிக்காமலே போய்விடுவார்கள் என்பதால்தான் இந்த ஒழுங்கு.

அந்த நூலகத்தின் முன்னால் இருந்தது சரஸ்வதி சிலை என்பதை நமக்குச் சொல்லத் தேவையில்லை. கவிஞர் அந்தப் படியருகே சரஸ்வதியைக் கிடத்தவில்லை. கிடத்தியிருந்தால் அது இழந்தவர்களின் புலம்பலாக நின்றிருக்கும். புத்தரைக் கிடத்தியதால் எரித்தவர்கள் தாங்கள் கும்பிடும் புத்தரையே கொன்றார்கள் என்றாகிறது. பௌத்தத்தைத் தாக்கும் கவிதை என்று எடுப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள். கவிதை புத்தரின் பக்கம் நிற்கிறது. எழுதியவர் கல்முனைக்குடியில் பிறந்த முஸ்லிம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும்.

ஏன் சிகாலோகவாத சூத்திரம்? ஆறு திசைகளையும் கும்பிட்ட சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன இல்லறத்தாருக்கான ஒழுக்கம் அது. கிழக்கு பெற்றோர், தெற்கு ஆசிரியர், மேற்கு மனைவி மக்கள், வடக்கு நண்பர், கீழே வேலையாட்கள், மேலே துறவிகள். மனிதர் ஒருவருக்கொருவர் செய்ய வேண்டிய கடமைகளின் ஏட்டைத்தான் தீ மூட்ட எடுக்கிறார்கள். தம்மபதத்தை எவரும் கொளுத்தவில்லை. புத்தரின் உடல் சாம்பலாகும்போது அதுவும் கூடவே போகிறது. கடைசி அடியின் வலி அதுதான் என்று நினைக்கிறேன்.

நூலகம் பின்னர் மீண்டும் திறக்கப்பட்டது. சேர் கடைசிவரை ஊரிலேயே இருந்தார். நாங்கள் புலம்பெயர்ந்து வந்துவிட்டோம். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் படிக்கட்டும் தெரியாது, பட்டியலும் தெரியாது. சொல்லத் தெரிந்த நாங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைகளில் அவர்களுக்கு ஆத்திசூடியோடு நிறுத்திவிடுகிறோம். அங்கே படிப்பிப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: பெரிய வகுப்புக்கு இந்தக் கவிதையை ஒரு பக்கத்தில் அச்சிட்டு, ஆண்டு போடாமல், நடுவில் கோடு இழுத்த வெறுந்தாளோடு கொடுங்கள். திகதியை அடுத்த சனிக்கிழமை சொல்லலாம்.