வெள்ளியங்கிரியை இருட்டில் ஏறுகிறவர்களுக்கு

கோவையிலிருந்து சிறுவாணி ரோட்டில் பேரூர், ஆலாந்துறை தாண்டினால் இருட்டுப்பள்ளம். அங்கே பிரிந்து செம்மேடு வழியாகப் போனால் பூண்டி. தென்கயிலை என்று கொங்கு நாடு கும்பிடும் வெள்ளியங்கிரிக்கு அதுதான் அடிவாரம். பிப்ரவரியிலிருந்து மே வரைதான் மலைப்பாதை திறந்திருக்கும். மற்ற மாதங்களில் மழை, குளிர், யானை. நேரக் கட்டுப்பாடு ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும் என்பதால், புறப்படும் முன் போளுவாம்பட்டி வனச்சரகத்தின் அறிவிப்பை அடிவாரத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த மலைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் மனசில் ஏதோ ஒரு பாரத்தோடுதான் வருகிறார்கள். வீட்டில் ஒரு சாவு, தீராத கடன், தள்ளிப்போகும் கல்யாணம். இரவில் ஏறுங்கள் என்று பெரியவர்கள் அவர்களுக்குச் சொல்வதற்கு வெயில் மட்டும் காரணமில்லை. ஏழு மலைகளும் சேர்ந்து ஒருவழி ஏறத்தாழ 6 கிலோமீட்டர்தான். ஆனால் அதற்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்துவிடுகிறோம். பகலில் நிமிர்ந்து பார்த்தால் முதல் மலையிலேயே நெஞ்சு விட்டுப்போகும். இருட்டில் அடுத்த நாலு படிதான் தெரியும். நாலு படியை யாராலும் ஏற முடியும்.

அதனால் வெளிச்சத்தை அளவாகக் கொண்டுபோக வேண்டும். ஆளுக்கொரு சின்ன டார்ச்சும் மாற்று பேட்டரியும் போதும். நெற்றியில் மாட்டும் லைட் வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் கண் மட்டத்திலிருந்தே வெளிச்சம் போவதால் படியின் நிழல் கண்ணுக்கு மறைந்து, மேடும் பள்ளமும் ஒரே தட்டையாகத் தெரியும். கால் இடறுவது இதனால்தான். எதிரே இறங்குகிறவரின் கண்ணும் கூசிப்போகும். டார்ச்சை இடுப்புக்குக் கீழே பிடித்துச் சாய்வாக அடித்தால் ஒவ்வொரு கல்லுக்கும் நிழல் விழும், ஆழம் பிடிபடும். பனிமூட்டம் வந்தாலும் இதே பிடிதான். உயர்த்திப் பிடித்தால் முகத்துக்கு முன் வெள்ளைச் சுவர் எழுந்துவிடும். செல்போன் விளக்கை நம்பாதீர்கள். ஒரு கையில் மூங்கில் தடி இருக்கும்போது மறுகையில் போன் வழுக்கும். அவசரத்துக்குப் பேச வேண்டிய நேரத்தில் அதில் சார்ஜும் இருக்காது.

தடியை அடிவாரத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். மார்பு உயரத்துக்குக் குறையாமல், கணு நெருக்கமாக உள்ளதாகப் பாருங்கள். ஏறும்போது குட்டைத்தடி போதும் என்று தோன்றும். இறங்கும்போதுதான் நீளம் வேண்டியிருக்கும்.

எத்தனை மணிக்குப் புறப்படுவது என்பதில்தான் நிறையப் பேர் தவறுகிறார்கள். சாதாரண நடைக்கு 5 மணி நேரம், நின்று நின்று போனால் 6. சூரிய உதயம் மாசியில் 6.30 தாண்டியும், சித்திரையில் 6 மணியை ஒட்டியும் இருக்கும். இரவு 11 மணி வாக்கில் முதல் படியை மிதித்தால் சரியாக இருக்கும். 7 மணிக்கே கிளம்பும் வாலிபக் கூட்டம் 1 மணிக்கு உச்சிக்குப் போய், காற்றில் 5 மணி நேரம் நடுங்கிக் கிடக்கும்.

முதல் மலை முழுக்கப் படிகள். வெள்ளை விநாயகர் கோவில் வருவதற்குள் சட்டை பிழிகிற அளவுக்கு வேர்த்துவிடும். அந்த ஈரத்தோடு மேலே புல்வெளிக்குப் போனால் காற்று எலும்பைத் தொடும். பையில் காய்ந்த பனியன் ஒன்றைத் தனியாக வைத்திருந்து, மரங்கள் முடிகிற இடத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆளுக்கு 2 லிட்டர். வழியில் சுனைகள் உண்டு, ஆனால் கோடையில் அவற்றை நம்பி வெறும் பாட்டிலோடு ஏறக்கூடாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறுவதும் ஆகாது, பட்டினியும் ஆகாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு நடுச்சாமத்தில் மயக்கம் வரும். கடலைமிட்டாய் கையில் இருக்கட்டும்.

நெஞ்சு இறுக்கம், இடது கை வலி, குளிர்ந்த வேர்வை வந்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுங்கள். "அடுத்த மலையோட சரியாப் போயிரும்" என்று ஏறி உயிரை விட்டவர்கள் உண்டு. மேலிருந்து டோலியில் தூக்கிவரப் பல மணி நேரமாகும். இருதய நோய், ஆஸ்துமா, கட்டுப்படாத ரத்த அழுத்தம் இருப்பவர்கள் பூண்டியிலேயே வெள்ளியங்கிரி ஆண்டவரான சிவனையும் மனோன்மணி அம்மனையும் கும்பிட்டுத் திரும்பலாம். குறையொன்றும் இல்லை.

இந்த மலையில் எல்லாரும் எல்லாருக்கும் சாமி. "இன்னும் எவ்வளவு தூரமுங்க சாமி?" என்று கேட்டால் இறங்கி வருகிறவர், "இதா, வந்தாச்சுங்க சாமி" என்பார். மூன்றாவது மலையில் கேட்டாலும் அதே பதில்தான். பச்சைப் பொய். ஆனால் அந்த இருட்டில், முகம் தெரியாத ஒருவர் வாயிலிருந்து அது வரும்போது கால் தானாக எழும். தண்ணீர்க் கணக்கை மட்டும் அந்தப் பதிலை வைத்துப் போடாதீர்கள்.

ஓய்வு 5 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், தசை குளிர்ந்து இறுகிவிடும். அந்த 5 நிமிடமும் டார்ச்சை அணைத்துவிடுங்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக 20 நிமிடத்துக்கு மேலாகும் என்றாலும், 5 நிமிடத்தில் ஓரளவு பழகிவிடும். யாராவது முகத்தில் லைட் அடித்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பழகிய கண்ணுக்கு, வானம் தெளிந்திருந்தால், கிழக்கே கோவையின் விளக்குகள் மொத்தமும் தெரியும். நமக்குப் பாரமாக இருந்த வீடும் அந்தப் புள்ளிகளுக்குள் எங்கோ ஒன்றாக இருக்கும்.

வழியில் கற்பூரம் ஏற்றுவது நல்ல பழக்கமில்லை. மாசி முதல் வைகாசி வரை புல் காய்ந்து கிடக்கும். காற்றில் பறக்கும் ஒரு பொறி மலைச்சரிவையே எரித்துவிடும். ஆறாவது மலையில் ஆண்டி சுனையில் குளிக்கிறவர்கள் உடனே துவட்டி, உலர்ந்த துணி மாற்றிய பிறகே ஏழாவது மலையில் கால் வைக்கட்டும். செங்குத்தான கடைசி ஏற்றம் அதுதான்.

உதயத்தை நேராக உற்றுப் பார்த்துவிட்டு அப்படியே சந்நிதிக்கு ஓடாதீர்கள். பெரும் பாறைகளுக்கு இடையே இருக்கிறார் ஆண்டவர். வெயில் குடித்த கண்ணுக்கு உள்ளே கருப்பு மட்டும்தான் தெரியும். பின்னால் இருப்பவர் நெருக்கினாலும் பத்து மூச்சு கண்ணை மூடி நின்று, பிறகு திறங்கள். முதலில் விபூதியின் வெண்மை, அப்புறம் பூ, அதற்குப் பிறகுதான் லிங்கம் துலங்கும்.

8 மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். மேல் மலைகளில் நிழல் கிடையாது. முட்டி நோகாமல் இருக்க உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி, தடியை ஒரு படி கீழே முதலில் ஊன்றி, அப்புறம் காலை வையுங்கள். வழுக்குப்பாறைக்கு வரும்போது வெளிச்சம் நன்றாக ஏறியிருக்கும். ராத்திரி இதிலா ஏறினோம் என்று நின்று பார்க்காதவர்கள் குறைவு. பார்ப்பதானால் ஓரமாக நின்று பாருங்கள், பின்னால் ஆள் வருவார்கள்.