காத்திருப்பு அறையில் இரண்டு மணி நேரம்

சுகாதாரத் துறை அனுப்பிய அந்த அறிவிப்பை நான் படித்திருந்தேன். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. காலையில் பல் தேய்த்துக்கொண்டே, ஒற்றைக் கையால் போனைத் தள்ளித் தள்ளிப் படித்தது. தட்டம்மை கூடிவருகிறது, காய்ச்சலும் தடிப்புமாக வருபவர்களிடம் தடுப்பூசி விவரம், பயண விவரம் கேளுங்கள், சந்தேகம் வந்தால் ஆய்வக முடிவுக்குக் காத்திருக்காமல் உடனே தெரிவியுங்கள். எல்லாம் தெரிந்ததுதானே என்று மூடிவைத்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அந்தக் குழந்தை வந்தது. வந்தது என்பதைவிட, வெளியே உட்கார்ந்திருந்தது என்று சொல்வதுதான் சரி. என்னுடையது இரண்டே அறை கொண்ட கிளினிக். ஒன்றில் நான், மற்றொன்றில் நோயாளிகள். அந்த அறையில் அது அம்மா மடியில் நாற்பது நிமிடம் இருமிக்கொண்டிருந்தது.

உள்ளே வந்ததும் பார்த்தேன். நான்கு நாள் காய்ச்சல், மூக்கு ஒழுகல், சிவந்து நீர் வழியும் கண்கள். அன்று காலைதான் காதோரத்திலும் முடி தொடங்கும் இடத்திலும் தடிப்பு எழும்பி முகத்துக்கு இறங்கியிருந்தது. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தால், கன்னத்தின் உட்புறத்தில் உப்பு தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள். தட்டம்மையின் அடையாளம்; படிக்கும் காலத்தில் படத்தில் பார்த்ததுதான். நேரில் அன்றுதான் முதல் தடவை. தடுப்பூசி ஒரு தவணைகூடப் போடவில்லை என்றார் அம்மா.

கதவைச் சாத்தினேன், ஜன்னலைத் திறந்தேன், முகக்கவசம் மாட்டிக்கொண்டேன். அந்த வரிசையே என்னைப் பார்த்துச் சிரிப்பதுபோல இருந்தது. தட்டம்மைக் கிருமி, நோயாளி எழுந்து போன பிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் இருக்கும். நான் சாத்திய கதவுக்கு வெளியே இருந்த காற்றில்தான் நாற்பது நிமிடமாக அது கலந்துகொண்டிருந்தது.

அடுத்து தொலைபேசி. அறிவிப்பைத் தேடி எடுத்து அதிலிருந்த எண்ணுக்கு அழைத்தேன். முதல் எண் அடித்துக்கொண்டே இருந்தது, இரண்டாவதில் எடுத்தார்கள். நான் நோயை விவரிக்கத் தயாராக இருந்தேன். அவர் கேட்டதோ வேறு. தடிப்பு எந்தத் தேதியில் தோன்றியது? ஏனென்றால் அதற்கு நான்கு நாள் முன்பிலிருந்து நான்கு நாள் பின்பு வரை குழந்தை நோயைப் பரப்பும். அந்த நாட்களில் எங்கெல்லாம் போனது? கிளினிக்குக்குள் எத்தனை மணிக்கு நுழைந்தது? அந்த நிமிடத்திலிருந்து, அது போய் இரண்டு மணி நேரம் ஆகும்வரை அங்கே கால் வைத்த எல்லாருடைய பெயரும் எண்ணும் வேண்டும்.

என்னிடம் இருந்தது டோக்கன் நோட்டு. அதில் பெயர் உண்டு, நேரம் கிடையாது. கூட வந்தவர்கள் கணக்கிலேயே இல்லை. என்னைக் காப்பாற்றியது வரவேற்பில் இருக்கும் அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு நாற்காலியாகச் சொன்னார். "மூலையில சர்க்கரைக்கு வர்ற தாத்தா, அவர் பேரன். ஃபேனுக்குக் கீழ கர்ப்பமா இருக்கிற பொண்ணு. அந்தப் பக்கம் ஊசிக்கு வந்த கைக்குழந்தை, அஞ்சு மாசம்." பதினொரு பேர். எழுதி முடித்து, மீதி டோக்கன்காரர்களைப் படிக்கட்டிலேயே நிறுத்திக் காரணம் சொல்லித் திருப்பி அனுப்பினோம்.

தொண்டையிலிருந்து பஞ்சுக்குச்சியில் மாதிரியும் ரத்தமும் எடுத்து அனுப்பினோம். இங்கே ஒரு நுணுக்கம் எனக்குத் தெரியாமல் இருந்தது. நோய்க்கு எதிராக உடல் புதிதாக உருவாக்கும் புரதத்தை ரத்தத்தில் தேடும் ஐஜிஎம் சோதனை, தடிப்பு தோன்றிய முதல் மூன்று நாட்களில் இல்லை என்று காட்டக்கூடும். அந்த நேரத்தில், தொண்டை மாதிரியில் கிருமியின் மரபணுவையே தேடும் பிசிஆர்தான் நம்பகமானது. நான் தனியாக இருந்திருந்தால் ரத்தத்தை மட்டும் அனுப்பி, இல்லை என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். பிசிஆரில் தட்டம்மை உறுதியானது.

அதற்குள் கடிகாரம் ஓடத் தொடங்கியிருந்தது. நோயெதிர்ப்பு இல்லாதவர்களுக்குத் தடுப்பூசியை 72 மணி நேரத்துக்குள் போட்டால் பலன் உண்டு. ஆனால் ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் அந்த ஊசி போட முடியாது. அவர்களுக்கு ஆறு நாளுக்குள் இம்யூனோகுளோபுலின், அதாவது ஆயத்தமான நோயெதிர்ப்புப் புரதங்கள் கொண்ட ஊசி. எல்லாரையும் சுகாதாரத் துறையே அழைப்பதாகச் சொன்னார்கள். அந்தக் கைக்குழந்தையின் அம்மாவை மட்டும் நானே அழைக்கிறேன் என்றேன். தடுப்பூசி போட வந்த இடத்தில் நோய் தொற்றியிருக்கலாம் என்று சொல்ல வேண்டிய அழைப்பு. அவர் கத்தவில்லை. "நீங்க முன்னாடியே பாத்திருக்கலாமே டாக்டர்" என்றார். பார்த்திருக்கலாம். முன்னாடி என்பது அந்த நாற்பது நிமிடம் அல்ல, நான்கு நாள் முன்பு பல் தேய்த்த காலை.

கர்ப்பிணிக்கு ரத்தப் பரிசோதனையில் ஏற்கெனவே எதிர்ப்பு சக்தி இருந்தது. மற்றவர்களை 21 நாள் கண்காணித்தார்கள். இம்யூனோகுளோபுலின் போட்டால் நோய் தாமதமாகத் தலைகாட்டலாம் என்பதால் கைக்குழந்தைக்கு 28 நாள். ஒருவருக்கும் வரவில்லை. 28-ஆம் நாள் அந்த அம்மாவே அழைத்துச் சொன்னார். அதன் பிறகு அவர் என் கிளினிக்குக்கு வரவில்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

குற்ற உணர்ச்சியில் அடுத்து செய்தது ஒரு பைத்தியக்காரத்தனம். கிடைத்த எல்லா அறிவிப்புகளுக்கும் பதிவு செய்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப்பரவல் செய்திகள், அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் எச்சரிக்கைகள், நோய்ப்பரவல் தகவல்களை மின்னஞ்சலில் பகிரும், 1994-இலிருந்து இயங்கும் புரோமெட். வூஹானில் காரணம் தெரியாத நிமோனியா என்று 2019 டிசம்பர் 30 அன்றே கேட்டு எழுதியது புரோமெட்தான். அப்படிப்பட்டதைத் தவறவிடலாமா என்று எல்லாவற்றையும் வாங்கிக் குவித்தேன். இரண்டு வாரத்தில் எதையுமே படிக்காத நிலைக்கு வந்து சேர்ந்தேன். இப்போது உள்ளூர் சுகாதாரத் துறை அனுப்புவதை அன்றன்றே பார்க்கிறேன். உலகச் செய்திகளை வாரம் ஒருமுறை. அமெரிக்க மையம் அனுப்புவதைத் தலைப்பைப் பார்த்தே பிரித்துவிடலாம்: 'அலர்ட்' என்றால் உடனே படிக்க வேண்டியது, 'அட்வைசரி' என்றால் அன்றைக்குள், 'அப்டேட்' ஆறப்போடலாம்.

நான் படிப்பது பாதி வேலைதான், ஏனென்றால் நோயாளியை முதலில் பார்ப்பது நானில்லை. அதனால் வரவேற்பு மேசைக்கு ஓர் அட்டை எழுதத் தொடங்கினேன். முதல் அட்டையை அக்கா படித்துவிட்டு, "நோய்த்தொற்றுக்கான வெளிப்பாடு வரலாறுன்னா என்ன மேடம்? இதை நான் யார்கிட்ட, எப்படிக் கேக்கிறது?" என்றார். அட்டையை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் அவரே எழுதினார்: 'காய்ச்சலோட உடம்புல தடிப்பு இருக்கா? இருந்தா உள்ளே வராதீங்க, வாசல்லயே நில்லுங்க, டாக்டர் வருவாங்க.' நான்கு பக்க அறிவிப்பின் சாரம் முழுவதும் அந்த வரியில் இருந்தது. அன்றிலிருந்து நான் மருத்துவத்தைச் சொல்கிறேன், அவர் எழுதுகிறார்.

இந்த ஏற்பாடு உண்மையில் உதவியது வெள்ளத்தின்போது. வெள்ளம் வடியும்போது வரும் அறிவிப்புகளில் எலிக்காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பாம்புக்கடி எல்லாம் இருக்கும். இந்த முறை நான் தேங்கி நின்றது கார்பன் மோனாக்சைடு பத்தியில். மின்சாரம் இல்லாத வீடுகளில் ஜெனரேட்டர் ஓடும். அதன் புகையில் நிறமும் மணமும் இல்லாத இந்த நச்சுவாயு இருக்கும். அக்காவின் அட்டை: 'ஒரே வீட்ல ரெண்டு பேருக்குத் தலைவலியா? ஜெனரேட்டர் எங்கே ஓடுது?'

மூன்றாம் நாள் ஒரு தம்பதி வந்தார்கள். தலைவலி, குமட்டல், காய்ச்சல் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் போதுமென்று விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 98 காட்டியது. அன்று நாற்பதுக்கு மேல் பார்த்துவிட்டிருந்தேன்; தூக்கமில்லாத அலைச்சல் என்று மாத்திரை எழுதியிருப்பேன். அக்கா உள்ளே தலையை நீட்டி, "மேடம், பின்பக்க ஜன்னலுக்குப் பக்கத்துல ஓடுதாம்" என்றார். சாதாரண ஆக்சிமீட்டரால் ஆக்சிஜன் ஏறிய ரத்தத்தையும் கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் பிரித்தறிய முடியாது. அந்த 98 எனக்கு எதையுமே சொல்லவில்லை. முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுத்து மருத்துவமனைக்கு அனுப்பினோம். சாதாரணக் காற்றில் அந்த நச்சு பாதியாகக் குறைய நான்கைந்து மணி நேரம் ஆகும்; முழு ஆக்சிஜனில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதனால் பரிசோதனை வரை காத்திருக்காமல் உடனே தொடங்கிவிட வேண்டும். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்த பாட்டியை எழுப்பி வெளியே கொண்டுவரச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்கு போன் செய்ததும் அக்காதான். எனக்கு அது தோன்றவில்லை.

இதில் இன்னும் சரிப்படாத விஷயம், அட்டையை மேசையிலிருந்து எப்போது எடுத்துவிடுவது என்பது. குரங்கம்மையை 2022 ஜூலையில் உலக அவசரநிலை என்றார்கள், 2023 மே மாதம் முடிந்தது என்றார்கள், 2024 ஆகஸ்டில் மறுபடி அறிவித்தார்கள், 2025 செப்டம்பரில் மறுபடி விலக்கினார்கள். மேசையில் ஐந்தாறு அட்டை சேர்ந்துவிட்டால் எதையும் யாரும் கேட்பதில்லை. என் மின்னஞ்சல் பெட்டியின் கதைதான் அங்கேயும். அக்கா இப்போது ஒவ்வொரு அட்டையின் மூலையிலும் தேதி போடுகிறார், மாதம் ஒருமுறை எடுத்துவந்து நீட்டுகிறார். நேற்றும் வந்தார். "தட்டம்மை இருக்கட்டுமா, எடுத்துடவா மேடம்?"

இருக்கட்டும் என்றேன்.