சியோலில் மூன்றாம் சுற்று

சியோலில் வேலை பார்க்கிறேன் என்று சொன்னால் ஊரில் எல்லோரும் முதலில் கேட்பது, "உயிரோடு ஆக்டோபஸ் தின்றாயா?" என்றுதான். தின்றேன், குவாங்ஜாங் சந்தையில். உண்மையில் வெட்டும்போதே அதற்கு உயிர் போய்விடுகிறது. நரம்புகள்தான் அடங்காமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. நல்லெண்ணெயில் பளபளத்துக்கொண்டு துண்டுகள் தட்டில் நெளிகின்றன. குச்சியால் எடுக்கப் போனால் தட்டை விட மறுக்கின்றன. வாயில் போட்டால் அண்ணத்தைப் பற்றிக்கொள்கின்றன. தொண்டையில் ஒட்டிக்கொண்டு மூச்சுத் திணறி இறந்தவர்களும் உண்டு என்பதால் நன்றாக மென்றுதான் விழுங்க வேண்டும். சுவை? நல்லெண்ணெயின் சுவைதான். கைபேசியில் படம் பிடிக்கத்தான் அது லாயக்கு.

1905-இல் தொடங்கிய அந்தச் சந்தைக்கு நான் போவது பிந்தேத்தொக்குக்காக. ஊறவைத்த பாசிப்பயறைக் கண்ணெதிரே கல்லில் அரைத்து, தாராளமாக எண்ணெய் விட்டுப் பொரித்தெடுக்கிறார்கள். ஓரம் மொறுமொறு, நடுவில் மெத்து. நம் வீட்டு அடைக்கு ஒன்றுவிட்ட தங்கை. கூடவே மக்கொல்லி என்ற அரிசிக் கள், நெளிந்துபோன அலுமினியக் கெண்டியில் வரும்.

கொரியர்கள் வெறும் வயிற்றில் குடிக்க உட்காருவதில்லை. இன்ன மதுவுக்கு இன்ன தீனி என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தத் தீனியைப் பகலில் தனியாகத் தின்று பார்த்து முகம் சுளிப்பது நியாயமில்லை என்பது என் கட்சி. பட்டுப்புழுக் கூட்டை அவித்து நூல் எடுத்த பின் மிஞ்சும் புழுதான் பொண்டெகி. அதைப் பூங்கா வாசலில் காகிதக் கோப்பையில் வாங்கித் தின்றபோது மண்வாசனை தவிர ஒன்றும் தெரியவில்லை. அதே புழு ஜொங்னோ தெருவோரக் கூடாரத்தில், பச்சை மிளகாயோடு சின்னச் சட்டியில் கொதித்து வந்து, பக்கத்தில் சோஜு என்ற கொரியச் சாராயமும் இருந்தால் சட்டி காலியாவதே தெரிவதில்லை.

அலுவலக விருந்து என்றால் சுற்றுக் கணக்குதான். முதல் சுற்றில் பன்றி இறைச்சியும் சோஜுவும். இரண்டாவதற்கு உல்ஜிரோ. பகலில் அச்சகமும் இரும்புப் பட்டறையுமாக இரையும் சந்துகளில், இருட்டியதும் பிளாஸ்டிக் மேசைகளைத் தெருவிலேயே போட்டுவிடுவார்கள். சுட்ட கருவாடு, காரமான சட்னி, பீர். தன் கோப்பையைத் தானே நிரப்பிக்கொள்ளக் கூடாது. பெரியவர் ஊற்றினால் இரு கையால் ஏந்த வேண்டும். அவர் எதிரே குடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். இத்தனை மரியாதையும் இரண்டாம் சுற்றின் பாதிவரைதான் தாங்கும். இதே நகரத்தில் 1945 முதல் 1982 ஜனவரி வரை நள்ளிரவு ஊரடங்கு இருந்தது என்றால் இப்போது யார் நம்புவார்கள்?

ஒருமுறை மூன்றாம் சுற்றுக்கு, மொக்போ ஊர்க்காரரான மூத்த சக ஊழியர் எங்களைத் தன் தென்மேற்கு மாகாணத்துச் சாப்பாடு கிடைக்கும் கடைக்கு இழுத்துப் போனார். ஹொங்ஓ, அதாவது புளிக்கவைத்த திருக்கை. கதவைத் திறந்ததுமே கண் எரிந்தது. திருக்கையின் உடலில் யூரியா மிகுதி; செத்த பின் அது அம்மோனியாவாக மாறுகிறது. அந்தக் காரத்தன்மையில், மீனைக் கெடுக்கும் கிருமிகள் அண்டுவதில்லை. அதனால்தான் அந்த நாளில் ஹுக்சான் தீவிலிருந்து நாள்கணக்கில் படகில் யொங்சான்போ துறைக்கு வந்த மீன் கெடாமல், நாற மட்டும் செய்தது.

இளஞ்சிவப்புத் துண்டுகள், நடுவில் நொறுங்கும் குருத்தெலும்பு. அதன்மேல் அவித்த பன்றிக் கொழுப்பு ஒரு துண்டு, பழைய கிம்ச்சி ஓர் இலை. மூன்றையும் சேர்த்து ஒரே வாயில் போட வேண்டும். "மூச்சை மூக்கு வழியாக விடுங்கள்" என்றார் அவர். விட்டேன். சளி, அடைப்பு எல்லாம் ஒரே வீச்சில் திறந்துகொண்டன. உடனே மக்கொல்லி. அடுத்த வாயில் கொழுப்பின் இனிப்பும் கிம்ச்சியின் புளிப்பும் நெடிக்கு மேலாக எழுந்து வந்தன. தட்டு முடிவதற்குள் நானே கை நீட்டிக்கொண்டிருந்தேன். ஆக்டோபஸ் கொடுக்காத எதையோ இந்த நாறிய மீன் கொடுத்தது. சட்டையை மட்டும் இரண்டு முறை துவைக்க வேண்டியிருந்தது.

நள்ளிரவு தாண்டினால் மெட்ரோ நின்றுவிடும். 2013 முதல் ஓடும் 'ஆந்தை பஸ்' இருக்கிறது. இருந்தும் அன்று யாருக்கும் வீட்டு நினைப்பு இல்லை. பாட்டுக்கூடத்தில் தொண்டை வற்றக் கத்திவிட்டு, விடியும் நேரத்தில் ஹேஜாங்குக் கடையில் போய் உட்கார்ந்தோம். போதை தெளிய அதுதான் மருந்து: கொதிக்கும் மாட்டெலும்புச் சாறு, முட்டைக்கோஸ் தழை, உறைந்த மாட்டு ரத்தக் கட்டிகள். ஆட்டு ரத்தப் பொரியல் தின்று வளர்ந்த எனக்கு இது சொந்த ஊர்ச் சரக்கு. இன்னும் கொஞ்சம் ரத்தம் வேண்டும் என்றேன். ஹொங்ஓவைச் சளைக்காமல் தின்ற மொக்போக்காரர், தன் கிண்ணத்திலிருந்த கட்டிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் கிண்ணத்தில் போட்டார். "எனக்கு இதன் வாடையே ஆகாது" என்றார்.